கனகமணி, வயது நாற்பத்தொன்று

இரண்டாவது பாட்டிலிலும் பாதி காலி. இனி ஒரு மடக்கு உள்ளே போனால் அது காது வழியாகத்தான் வெளியே வரும் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. ஆனாலும் குடித்தாக வேண்டும், மூத்திரப்பை முட்டினால்தான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிற கருப்பை படத்தில் விழுமாம். அதையும் திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டும், சுவரைப் பார்த்துத் திரும்பி, இருமுகிறவளைப்போல் வாயைப் பொத்திக்கொண்டு, ஏனென்றால் இந்த ஸ்கேன் சென்டரின் நோட்டுப்படி இன்றைக்கு வயிற்றைக் காட்ட வந்திருப்பவள் அவளில்லை, அவளுடைய அம்மா. கனகமணி, வயது நாற்பத்தொன்று. அந்தப் பேர் நோட்டில் ஏறி அரைமணி நேரம்தான் ஆகிறது. கோவில்பட்டியில் எடுத்தால் ஊர்க்கண் படும், கல்யாணமாகாத பிள்ளைக்கு என்ன ஸ்கேன் என்று ஒரு வாய் கேட்கும், ஒன்பது வாய் பதில் சொல்லும் என்று பயந்துதான் அம்மா அவளைப் பஸ்ஸேற்றிச் சாத்தூருக்குக் கூட்டிவந்தாள். வெயிலுக்கு என்று சொல்லி முக்காடு போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, சந்துபொந்தெல்லாம் நுழைந்து நடந்து, மருந்துக்கடைக்கு மேலே மாடியேறி, மூச்சிரைக்கக் கவுன்ட்டரில் போய் நின்றால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் சுகந்தி மதினி, மூன்றாம் தெருப் பவுனுப் பெரியம்மாவின் மருமகள். "ஏ சின்னத்தை! இங்கன எங்க? யாருக்கு ஸ்கேனு, செம்பாவுக்கா?" என்று அவள் கேட்டு வாய்மூடவில்லை, அம்மாவிடமிருந்து பதில் வந்து விழுந்துவிட்டது. "எனக்குத்தாம்மா. இவ சும்மா தொணைக்கு வந்தா." பெரியாஸ்பத்திரி டாக்டர் செண்பகவல்லி, வயது பதினாறு என்று எழுதிக்கொடுத்த சீட்டு அம்மாவின் கைப்பைக்குள் நாலாக மடிந்து, எட்டாக மடிந்து, இன்னும் மடிந்துகொண்டேயிருந்தது. "சீட்டு வீட்டுலயே கெடக்கும்மா, மறந்துட்டேன்." "அதனால என்ன, நம்ம ஆளுகதானே, டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இந்தாங்க, மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க. நல்லா முட்டணும், என்ன?" அம்மா குடித்தாள். சுகந்தி மதினி பார்க்கப் பார்க்க, தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். வயிறு காட்டவேண்டியவள் ஒளிந்து குடிக்க, வேண்டாதவள் ஊரறியக் குடிக்க, தாயும் மகளும் ஆளுக்கொரு குளத்தைச் சுமந்துகொண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "உள்ள கூப்பிடும்போது ரெண்டு பேருமாப் போவோம்," என்றாள் அம்மா, உதடு அசையாமல். "அங்கன டாக்டரம்மாகிட்ட மெதுவாச் சொல்லிக்கிடலாம். நீ வாயத் தொறந்திராத."

வாயைத் திறக்காதே. செண்பகவல்லியிடம் போய்! வ.உ.சி. திடல் பக்கத்துப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுப் பாருங்கள், அந்த வாய்க்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று. மூக்கடைத்த ஹெச்.எம். இருக்கிறார், மாணவியரே என்பதற்கு "பாடவியரே" என்பார். திருநெல்வேலி பஸ் கண்டக்டர் இருக்கிறார், "உள்ள போங்கம்மா, உள்ள இடம் கெடக்கு, ஊரே கெடக்கு" என்பார். போன வருஷம் ஹெச்.எம். குரலில் மைக்கைப் பிடித்து, கனமழை காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை என்று அவள் அறிவித்தபோது, சுள்ளென்று அடித்த வெயிலில் எட்டாம் வகுப்பு முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. அப்பேர்ப்பட்ட வாய். அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது. பல்லி விழுந்ததும் மயங்கிச் சாய்கிற வேதியியல் மிஸ்ஸை அவள் எத்தனை முறை செய்துகாட்டியிருப்பாள், முதலில் கண் செருகும், பிறகு கை சேலைத் தலைப்பைத் தேடும், பிறகு மரம் சாய்வதுபோல் தொப்பென்று ஒரு பக்கமாக. அதனால் முந்தாநாள் திங்கட்கிழமை பிரேயரில், உறுதிமொழி சொல்லும்போது நிஜமாகவே கண் இருட்டி, காதுக்குள் மாவு மில் ஓடி, நீட்டிய கை நீட்டியபடியே அவள் விழுந்தபோது, வரிசையிலிருந்த அத்தனை பிள்ளைகளும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குக் கேட்டது. கிணற்றுக்குள் கிடப்பவளுக்கு மேலே மழை பெய்வது கேட்பதுபோலக் கேட்டது. சூப்பர்ட்டி செம்பா, ஒன்ஸ்மோர். எழுந்து குனிந்து வணக்கம் போடத்தான் நினைத்தாள், உடம்புதான் வரவில்லை. எவ்வளவு நேரம் தட்டினார்களோ. "ஏய், பாவாடையில ரத்தம்ட்டி" என்று யாரோ சொன்ன பிறகுதான் மழை விட்டது. அந்த நேரத்தைத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்க்கிறது, பல் விழுந்த குழியை நாக்கு தொடுவதுபோல. ரத்தம் வராமல் விழுந்திருந்தால் இன்னும் தட்டிக்கொண்டே இருந்திருப்பார்களோ. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பி.டி. மிஸ்கூட ஆட்டோவில், "நெசமாத்தான மயங்குன?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்கவில்லை. அந்த அம்மாள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தை அமுக்கிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், அப்புறம் சத்தம் போட ஆரம்பித்தாள். கரகரவென்று, தகரத்தில் ஆணி இழுக்கிற குரல், சொல்லின் கடைசியில் ஒரு வெட்டு. செய்துகாட்ட வாகான குரல்தான், ஆனால் இன்னும் பிடிபடவில்லை, உள்ளே ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் அழுகை வந்து கெடுக்கிறது. "ஹீமோகுளோபின் ஏழு கிராம்! பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஏழு! எத்தன நாளாப் போகுது?" பதினேழு நாளாக. "இதுக்கு முன்னால எப்ப வந்துச்சு?" அதற்கு முன்னால் இரண்டு மாதமாக வரவே இல்லை. அதற்கு முன்னால் பதிமூன்று நாள். டாக்டர் அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "ஏழு நாளுக்கு மேல போனாக் கூட்டிட்டு வரணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைஞ்சா அன்னைக்கே வரணும். மூணு மாசம் வராமலே கெடந்தாலும் வரணும். எந்திரிச்சு ஸ்கூலுக்குப் போக முடியாம வலிச்சாலும் வரணும். பதினஞ்சு வயசாகியும் புள்ள பெரியவளாகலைன்னாலும் வரணும். மாடு சினைக்கு நிக்கலைன்னா மறுநாளே டாக்டரத் தேடிப் போறீங்கல்ல?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்னாங்க," என்றாள். "யாரு?" செண்பகவல்லியிடம் மொத்தப் பட்டியலும் இருந்தது, குரலோடு இருந்தது. பவுனுப் பெரியம்மா, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி: "சூடு கனகமணி, சூட்டு ஒடம்பு. வெந்தயத்த மோர்ல போட்டுக் குடு." மருந்துக்கடை அண்ணன், காகிதத்தில் மடித்தபடியே, முகம் பார்க்காமல்: "வேளைக்கு ஒண்ணு, நின்னுரும்." கோவில் கொடைத் திருவிழாவுக்குத் தீட்டு குறுக்கே வந்துவிடக்கூடாது என்று அதே அண்ணன் அதே காகிதத்தில் கொடுத்த நாள் தள்ளிப்போடுகிற மாத்திரை, ஒரு தடவை சித்திரையில், ஒரு தடவை ஆடியில், யாரும் எந்த டாக்டரையும் கேட்காமல், அம்மனைக்கூடக் கேட்காமல். டி.வி.யில் வெள்ளைப் பேன்ட் போட்டுக் குதிக்கிற பெண்ணுக்குப் பின்னால் தேன் வழிகிற குரல்: "இனி அந்த நாட்களிலும் கவலையில்லை!" நீல மசி ஊற்றிக் காட்டுவார்கள். நீலமாக வந்தால் எனக்கும் கவலையில்லை. பிறகு எல்லாக் குரலுக்கும் மேலே நிற்கிற ஊர்க்குரல், ஆணா பெண்ணா என்றே தெரியாதது: "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்." என்ன வைத்தியமோ, தாலியை அரைத்துக் குடிக்கச் சொல்வார்களோ. கடைசியில் அம்மாவின் குரல், அதைச் செய்துகாட்ட அவள் ஒருநாளும் முயன்றதில்லை, முயலாமலே தொண்டையில் இருக்கிறது: "நானும் இப்படித்தாண்டி இருந்தேன். ஒரு வாரம், பத்து நாளு, வீட்டு வேலை எல்லாஞ் செஞ்சேன். செத்தா போயிட்டேன்?" இதற்கு என்ன சொல்ல. சாகாமல் எதிரே நிற்கிறவளிடம் என்ன சொல்ல. நாளை காலை ஒன்பது மணிக்கு ரிப்போர்ட்டோடு வர வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். எதனால் போகிறது என்று தெரியாமல் ரத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதையாகிவிடும் என்றும் சொன்னாள். கருப்பையில் கோளாறோ, சுரப்பியில் கோளாறோ, ரத்தம் உறைவதிலேயே கோளாறோ, பார்த்தால்தானே தெரியும். இங்கேயே எடுங்கள் என்றவளிடம் அம்மாதான், "வெளிய எடுத்துக்கிடுதோம் டாக்டர்," என்றாள், ஏனென்றால் அங்கே ஸ்கேன் வரிசையில் எங்கள் தெருப் பொம்பளைகள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

உறையவில்லை என்றால் என்ன ஆகும். பென்சில் சீவும்போது விரலில் பட்டால்கூடச் சாயங்காலம் வரை கசிகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானோ. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது, மாடியேறி வந்து முக்கால் மணி நேரமாகியும் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிற நெஞ்சு. வாய் எதையோ கேட்டது. சிலேட்டுக்குச்சி கேட்டது. ஆறு மாதமாக இந்தக் கிறுக்கு, தம்பியின் பையிலிருந்து குச்சி எடுத்துத் தின்பதும், அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி நெறுக்நெறுக்கென்று மெல்வதும். அம்மா பார்த்துவிட்டு, கல்யாணத்தன்றைக்கு மழை கொட்டப்போகுது பார் என்று சிரித்தாள், மழைதான் கொட்டிக்கொண்டிருக்கிறதே அம்மா, காலுக்கு நடுவில். ரத்தம் குறைந்தால் வாய் அப்படிக் கேட்குமாம், டாக்டர் சொல்லித்தான் தெரியும். எதிர் நாற்காலியில் ஒரு மாசக்காரி, புருஷன் தோளில் தலை சாய்த்து, வயிற்றைப் பட்டுத்துணியைப்போல் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குடிக்கிற தண்ணீருக்கு என்ன மரியாதை. புருஷனே மூடியைத் திறந்து கொடுக்கிறான். வயிறு நிறைந்த பெண்ணுக்கு ஒரு சட்டம், வயிறு கிழிகிற பெண்ணுக்கு ஒரு சட்டம். இந்த ஹாலில் எழுந்து நின்று எனக்குத்தான் ஸ்கேன் என்று சொன்னால் என்ன ஆகும், அந்தப் புருஷன்காரன் ஒரு பார்வை பார்ப்பான், கழுத்தைப் பார்ப்பான், தாலி இருக்கிறதா என்று, சுகந்தி மதினி பார்ப்பாள், இன்று சாயங்காலம் போனில் பவுனுப் பெரியம்மா கேட்பாள், நாளை காலைத் தண்ணிக்குழாயடியில் ஒன்பது குடமும் கேட்கும். ஆகட்டுமே. ஐயோ, ஆகட்டும் என்று எப்படிச் சொல்ல, அம்மா அந்தக் குழாயடியில்தானே தினமும் நிற்க வேண்டும். சரி, உள்ளே போனதும் சொல்லிவிடலாம். உள்ளே டாக்டரம்மா, நாங்கள், ஒரு மிஷின், அவ்வளவுதானே. அம்மா சொல்வாள். அம்மா சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். மூத்திரம் அடிவயிற்றில் ஒரு கல்லாக உட்கார்ந்திருந்தது, அதற்கும் கீழே அந்த இன்னொன்று, சூடாக, அவசரமே இல்லாமல், தன் பாட்டுக்கு. வாசலை மூடிக்கொள் என்கிறது ஒன்று, என் வாசலை மூட மாட்டேன் என்கிறது இன்னொன்று. கடைசியாக நாப்கின் மாற்றியது பஸ் ஏறுமுன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாத்ரூம் போகலாம் என்றால் போனால் இரண்டும் போய்விடும், குடித்த இரண்டு பாட்டிலும் வீண். காலை ஒன்றின்மேல் ஒன்று போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். பிரேயரில் எப்படி விழுந்தேன், கண் செருகியதா முதலில், கை நீண்டதா. எவ்வளவு நேரம் தட்டினார்கள்.

"கனகமணி!" சுகந்தி மதினிதான் கூப்பிட்டாள், மைக் இல்லாமலே, ஊருக்குள் கூப்பிடுகிற அதே ராகத்தில். "வாங்க சின்னத்தை, நம்ம முறைதான்." அம்மா எழுந்தாள். செண்பகவல்லியும் எழுந்தாள். "நீ எங்கட்டி?" என்றாள் மதினி, சிரித்துக்கொண்டே. "ஒரு ஆளுதான் உள்ள. ஒங்கம்மைய நான் பாத்துக்கிடுதேன். பயந்துக்கிடாத, கடிச்சிர மாட்டோம்." அம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு "பொறு" இருந்தது, ஒரு "நான் கூப்பிடுகிறேன்" இருந்தது, இல்லை, அதெல்லாம் இவளாக எழுதிச் சேர்த்துக்கொண்டது, பார்வையில் பயம் மட்டும்தான் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. சரி. இப்போது சொல்லிக்கொண்டிருப்பாள். மதினியை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரம்மாவிடம், மெதுவாக. மதினி ஏன் இன்னும் வெளியே வரவில்லை. கவுன்ட்டர் காலியாகக் கிடந்தது, கண்ணாடிக்குப் பின்னால் மின்விசிறிக்கு நோட்டுத் தாள் மட்டும் புரண்டுகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. இப்போது சீட்டை எடுத்துக் காட்டியிருப்பாள், அத்தனை மடிப்பையும் பிரிக்க நேரமாகுமல்லவா. மூன்று பதினாலு. டாக்டரம்மா ஏசியிருப்பாள், அம்மா தலைகுனிந்து நிற்பாள், வெளியே வந்து செம்பா என்று கூப்பிடுவாள். கூப்பிட்டதும் எழ வேண்டும், எழுந்தால் இரண்டும் தாங்குமா. மூன்று பதினெட்டு. மாசக்காரியின் புருஷன் கொட்டாவி விட்டான். உள்ளே மிஷின் ஒரு தடவை கூக் என்றது. யாரை வைத்துக்கொண்டு கூக் என்கிறது. அந்த எண்ணம் வந்ததும் அதை அவள் துரத்தினாள், சீ போ, அப்படியெல்லாம் யாராவது செய்வார்களா, பிள்ளைக்கு வந்த பரீட்சையை அம்மா எழுதுவாளா. அது போகவில்லை. காலடியில் நாய்போல் படுத்துக்கொண்டது.

மூன்று இருபத்தாறுக்கு அம்மா வந்தாள், சேலையைச் சரிசெய்தபடி, கையில் ஒரு பழுப்பு உறையோடு. மதினி பின்னாலேயே வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். "என்னம்மா, சொன்னியா?" "மெதுவாப் பேசுட்டி." "சொன்னியா, இல்லியா?" "அவளும்லா உள்ள நிக்கா, டைப் அடிக்கணுமாம். அவள வச்சிக்கிட்டு எப்படிச் சொல்ல? டாக்டரம்மா படுங்கன்னா. படுத்துட்டேன்." படுத்துட்டேன். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, நிஜமான சிரிப்பு, வயிற்றைக் குலுக்கிக்கொண்டு வந்த அதை அந்தக் கல் தடுத்து நிறுத்தியது. "எனக்குள்ள கட்டி இருக்காம்," என்றாள் அம்மா. யாரோ தெருவில் வைத்து அவமானப்படுத்தியதுபோல் இருந்தது அவள் முகம். "நாலு சென்டிமீட்டராம். எத்தன வருசமாம்மா இப்படிப் போகுதுன்னு கேட்டா. எல்லாருக்கும் போற மாதிரித்தான் போகுதுன்னேன். எல்லாருக்கும் அப்படிப் போகாதுங்கா." அம்மாவின் கை உறையை மடிக்கப் பார்த்தது, உறை மடியவில்லை. செண்பகவல்லி, "அப்போ எனக்கு?" என்றாள். "நாளைக்கு மதுரைக்குப் போவோம்ட்டி. அங்கன நம்மள ஒரு குஞ்சுக்கும் தெரியாது." "நாளைக்கு ஒம்போது மணிக்கு ரிப்போர்ட்டு கேட்டாங்கம்மா." "ஒரு நாள்ல என்ன ஆயிரும்?" ஒரு நாள், ஒரு நாள் என்றுதான் பத்தொன்பது நாளும் வந்தது. அவள் எழுந்தாள். எழுந்ததும் கீழே ஏதோ அவிழ்ந்ததுபோல் ஒரு சூடு இறங்கித் தொடை வரை நனைந்தது. கரும்பழுப்புச் சுடிதார், தெரியாது, அதற்குத்தானே அம்மா பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அம்மாவின் கண் சுடிதாரைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த வெள்ளை நாற்காலியைப் பார்த்தது. உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பாக, நடுவில் கட்டியாக. மாசக்காரி கண்ணைத் திறந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்புவதற்குள், யோசிக்க நேரமில்லாமல், பெற்றவளுக்கே வருகிற அந்த வேகத்தில், அம்மா சடக்கென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல சேலை, இளமஞ்சள், வெளியே போகும்போது மட்டும் உடுத்துவது. "எங்கட்டி போற? செம்பா! இங்க வா. வான்னு சொல்லுதேன்ல!" அடிக்குரலில் கூப்பிட்டாள், கையை நீட்டினாள், ஆனால் எழவில்லை. எழ முடியாது. எழுந்தால் நாற்காலி பேசிவிடும்.

கவுன்ட்டர் வரை எட்டு அடி நடக்க வேண்டியிருந்தது. காதுக்குள் மில் ஓடத் தொடங்கியது, கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, இன்னொரு ஸ்கேனு எழுதுங்க." "யாருக்குட்டி?" "எனக்கு. செண்பகவல்லி. வயசு பதினாறு. பத்தொன்பது நாளா நிக்காமப் போகுது." சுகந்தி மதினி சிரித்தாள். "போட்டி அங்குட்டு, ஒன் நாடகத்த இங்கன காட்டாத. இது யாரு கொரலு, ஒங்க ஸ்கூலு நர்ஸா?" கைதட்டப் போகிறாள் என்று செண்பகவல்லி காத்திருந்தாள். மதினியின் சிரிப்பு அவளுடைய முகத்தில் வந்து பட்டு, உதட்டில் நின்று, நகத்தைப் பார்த்து, நகம் நோட்டுத் தாளைவிட வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, மெல்ல இறங்கியது. அவள் கழுத்தை எக்கி நாற்காலிகளின் பக்கம் பார்த்தாள். அம்மா இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி நோட்டைத் திருப்பினாள். பேர் எழுதினாள். வயது எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. அதை எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டாள், ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது. "கல்யாணம் ஆயிருச்சா?" மாசக்காரியின் புருஷன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தித் திரும்பினான். "இல்ல," என்றாள் செண்பகவல்லி. "தண்ணி குடிச்சிருக்கியா?" "ரெண்டு பாட்டிலு." மதினி எழுதி முடித்து, தாளைக் கிழித்து நீட்டியபோது அவள் குரல் தணிந்திருந்தது. "அந்த மாசமா இருக்கிற அக்காவுக்கு அடுத்தது நீதான். அதுவரைக்கும் அங்கன போயி உக்காரு, ஒங்கம்மை பக்கத்துல."

அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வெள்ளை நாற்காலி. செண்பகவல்லி அதன் அருகே போய், சுவரில் ஒரு கையை ஊன்றி, நின்றுகொண்டாள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, எழவும் இல்லை. "உக்காருட்டி, விழுந்துருவ," என்று மட்டும் சொன்னாள், தன் மடியைக் கொஞ்சம் நகர்த்தி, அதில் இடம் இருப்பதுபோல.